சரசக்காவும் ஒரே க்ளிக்கும்

எங்கள் அலுவலகத்தில் பத்தொன்பது பேர். யாருக்கு டீ, யாருக்குக் காபி, யாருக்குச் சர்க்கரை கூடாது, யார் வியாழக்கிழமை மட்டும் பால் தொடமாட்டார் என்பதெல்லாம் சரசக்காவுக்கு மனப்பாடம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மனப்பாடம் இல்லை, எழுதி வைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. எந்த எழுத்தில் என்பது அதற்கும் பிறகு.

பெங்களூரில் அல்சூர் ஏரியைப் பார்த்த இரண்டாவது மாடி எங்களுடையது. சரசக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்து அதே சந்தில் குடித்தனமும் செய்பவர். காலை எட்டரைக்கு நடந்தே வந்துவிடுவார். முதல் வேலை கீபோர்டுகளைத் துடைப்பது. நீலத் துணியை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளில் மட்டும் ஓட்டுவார். நான்கு வருடத்தில் ஒரு எழுத்துகூடத் தவறி அழுந்தியதில்லை. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் கார்மெண்ட்ஸில் காலர் தைத்த விரல்கள் அவை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. டீத் தட்டோடு வரும்போது யாராவது பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருந்தால் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு எடுத்த முதல் நாள் ஏஜென்சியில் சொல்லி அனுப்பியது. கூடச் சேர்ந்த மற்றவர்கள் ஒரு மாதத்தில் மறந்துபோனார்கள். தட்டை ஏந்தியபடி அவர் அப்படி நிற்பதை முதன்முதலில் பார்த்தபோது, ஏரியை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு பேன்ட்ரியில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதாவது கவிதைத் தொகுப்பைப் புரட்டுவது என் வழக்கம். ஒருநாள் சரசக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, பாதிப் பக்கம் சும்மா கெடக்குது? மீதிய எப்ப எழுதுவாங்க?”

கவிதை அப்படித்தான் இருக்கும் என்றேன். 

“பரவால்ல. படிக்கிறவங்களுக்கு வேல கம்மி.”

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். பக்கத்தில் இருந்த பாதியும் அவருக்கு வெள்ளைதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் செய்வது லினக்ஸ் போட்ட கணினிகளுக்கான ஒரு ‘ஸ்டோர்’. லினக்ஸ் இலவசம், பழைய லேப்டாப்பிலும் சமத்தாக ஓடும். ஆனால் அதில் புதிதாக ஒரு மென்பொருளைப் போட வேண்டுமென்றால் கறுப்புத் திரையைத் திறந்து வரிவரியாகக் கட்டளை அடிக்க வேண்டும் என்று ஒரு கெட்ட பெயர் அதற்கு உண்டு. போனில் செய்கிற மாதிரி ஒரு பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் குழுத் தலைவி பார்கவியின் பிடிவாதம். அவர் தார்வாடுக்காரர், கன்னடம்தான், தமிழ் தெரியாது. ‘ஒரே க்ளிக்’ என்று வெள்ளைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதிக் கட்டம் போட்டிருந்தார். யாரும் அதை அழிக்கக்கூடாது.

செய்த பொருளைச் சோதித்துப் பார்க்க, கணினி தெரியாத ஆள் வேண்டும். விளம்பரம் கொடுத்தோம். வந்தவர்கள் எல்லாம் இன்ஜினியரிங் மாணவர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரியாத மாதிரி நடிக்கவும் தெரிந்திருந்தது. ஒருநாள் பார்கவி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சரசக்கா இஞ்சி டீயை அவர் முன்னால் வைத்தார். பார்கவி டீயைப் பார்க்கவில்லை, சரசக்காவைப் பார்த்தார்.

சரசக்காவுக்கும் ஒரு காரணம் இருந்தது. போன ஆயுத பூஜைக்கு அலுவலகத்தின் பழைய லேப்டாப்புகளை ஊழியர்களுக்குக் கொடுத்தோம். எல்லாக் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு தன் பங்குக்கு வந்த லேப்டாப்புக்கும் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வந்தியும் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். அன்றிலிருந்து அது பீரோவில் இருந்தது. அதைத் திறக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

சோதனையில் என் வேலை, வருகிறவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, எங்கே தயங்குகிறார், எத்தனை விநாடி தயங்குகிறார் என்று குறிப்பது. வாயைத் திறக்கக்கூடாது. நாம் சொல்லிக்கொடுத்தால் பொத்தான் எதற்கு என்பார் பார்கவி. பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை எனக்கு ரொம்பவும் ஒத்துப்போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி டீ முடிந்ததும் சரசக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அலுவலக லேப்டாப் ஒன்றில் அவர் பெயரில் கணக்கு திறந்தோம். பாஸ்வேர்டு ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “நீங்களும் கத்துக்கினீங்களா” என்று சிரித்தார். திரையில் வரும் எழுத்துகளைத் தமிழுக்கு மாற்றினேன். கேட்டுச் செய்யவில்லை. சரசக்கா தமிழ்தானே.

படம் வரையும் மென்பொருள் ஒன்றை ஏற்ற வேண்டும். பச்சைப் பொத்தானில் ‘நிறுவு’ என்று இருந்தது. அழுத்தினார். உள்ளே வேலை நடக்கப் பதினோரு விநாடி ஆகும். லிஃப்ட் வராவிட்டால் இன்னொரு தடவை அழுத்துவோமே, அப்படி மறுபடியும் அழுத்தினார். அதற்குள் மென்பொருள் ஏறி முடிந்து, அதே இடத்தில் சிவப்பாக ‘நீக்கு’ வந்துவிட்டிருந்தது. ஏறியது இறங்கிவிட்டது. பச்சை வந்தது. அழுத்தினார். இப்படி நான்கு தடவை.

“வர்து, போவுது தம்பி. கரண்டு மாதிரி” என்றார்.

நான் பேசக்கூடாது. குறித்துக்கொண்டேன்.

பார்கவிக்கு ஒரே குஷி. இன்ஜினியரிங் மாணவர்கள் நாற்பது பேர் கண்டுபிடிக்காத ஓட்டையைச் சரசம்மா ஒன்பது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்றார். ‘நீக்கு’ வேறு மூலைக்குப் போயிற்று. எனக்கு மட்டும் ஏதோ இடறிக்கொண்டிருந்தது. வாசிக்கிற கண் இடமிருந்து வலமாக நகரும். சரசக்காவின் கண் நகரவில்லை. நிறத்தில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

மறுநாள் டீத்தூள் டப்பாவைத் தேடி பார்கவி பேன்ட்ரி அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முழுக்கக் கன்னட எழுத்து. வாய்விட்டுப் படித்த பார்கவி நெற்றியைச் சுருக்கினார். இது கன்னடமே இல்லை, என்னவோ எழுதியிருக்கிறது என்றார். மறுபடியும் படிக்கச் சொன்னேன். அர்த்தம் தெரியாமல் ஒவ்வொரு எழுத்தாக அவர் உச்சரிக்க உச்சரிக்க, என் காதில் தமிழ் விழுந்தது. ‘யுவன் தம்பி, சக்கர கம்மி. ஆராவமுதன் சார், வெறும் சுடுதண்ணி. பார்கவி மேடம், கோவமா இருந்தா இஞ்சி.’

முதல் பெயர் என்னுடையது. அர்த்தம் சொன்னேன். பார்கவி சிரித்த சிரிப்பில் சரசக்காவே வந்துவிட்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிங்க்கில் இருந்த கப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஏழாவது வரைக்கும் கன்னட ஸ்கூலு தம்பி. தமிழு வாய்க்கு வரும். கண்ணுக்கு வராது.”

திண்டிவனத்திலிருந்து வந்தவன் நான். தமிழ் பேசுகிறவர் தமிழ் படிப்பார் என்பதைச் சந்தேகிக்கவே தோன்றாத ஊர் அது. மன்னிப்புக் கேட்கும் விதமாக, அடுத்த சோதனைக்கு அவருக்கு என்ன வேண்டுமோ அதையே ஏற்றிப் பார்க்கலாம், என்ன வேண்டும் என்று கேட்டேன். ஏதாவது சாமிப் பாட்டு என்பார் என்று நினைத்தேன்.

“எழுதுனத வாய்விட்டுப் படிக்கிறது ஏதாச்சும் இருக்குதா? தமிழு எழுத்த?”

அதற்குப் பிறகு கப்புகளைக் கழுவிக்கொண்டே சொன்னதுதான் மீதியெல்லாம்.

அவர் கணவர் ராஜேந்திரன் போளூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். சென்ட்ரிங் ஆள். இரண்டு வருடம் முன்பு தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, பேச்சு போயிற்று. மூச்சே கழுத்தில் போட்ட ஓட்டை வழியாக என்பதால் விசில் ஊதவும் வராது, அதனால் வாட்ச்மேன் வேலையும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மண்டியில் வெங்காயம் பிரித்துப் போடுகிறார். பேச்சு இருந்த காலத்தில் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். போன பிறகுதான் எழுத ஆரம்பித்தார். கோடு போட்ட நோட்டில், தமிழில். அவருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான்.

சாப்பாடு, மருந்து, பால்காரர் எல்லாவற்றுக்கும் கை ஜாடை போதும். நோட்டில் எழுதுவது வேறு. எழுதி முடித்துச் சரசக்காவின் பக்கம் தள்ளுவாராம். இவர் வாங்கிப் பார்த்துத் தலையாட்டுவாராம். மகள் அனுஷா கல்யாணமாகி ஹெப்பகோடியில் இருக்கிறாள். அவளும் கன்னடத்தில் படித்தவள். போனில் படித்துச் சொல்லும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அப்பா அதில் தட்டியது பாதி வரும்போது தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்தது. இரண்டாம் தடவை அவர் போனைத் தொடவில்லை.

ஒரு பக்கம் மட்டும் நீளமாக இருந்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் சரசக்காவால் இருக்க முடியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் கோவிந்தராஜன் தினமும் தமிழ்ப் பேப்பர் படிக்கிறவர். நோட்டை அவரிடம் எடுத்துப்போனார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். கோவிந்தராஜன் மேடையில் படிப்பது மாதிரி உரக்கப் படித்தார். நீ தூங்கின பிறகு உன் குதிகால் வெடிப்பைப் பார்த்தேன், நாள் பூரா தண்ணியிலயே நிற்கிறாய், மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், நீயாகப் போட்டுக்கொள்ளமாட்டாய், கேட்டால் நான் போட்டுவிடுவேன் என்று இருந்தது. கடையில் ஒருவன் விசிலடித்தான். ‘மச்சானுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆன மாதிரி’ என்றான் இன்னொருவன். சரசக்கா திரும்பிப் பார்த்தபோது ராஜேந்திரன் தெருவில் நின்றிருந்தார்.

அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் ஆகிறது.

 நோட்டைக் கொண்டுவந்தால் நான் படித்துச் சொல்கிறேன், யாரிடமும் பேசமாட்டேன் என்றேன்.

“நீங்க நல்லாத்தான் படிப்பீங்க தம்பி” என்றார். “ஆனா நீங்களும் ஒரு ஆளுதானே.”

வியாழக்கிழமை இரண்டாவது சோதனை. இந்த முறை திரை கன்னடத்தில். சரசக்கா நாற்காலியில் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். கண் இடமிருந்து வலமாக நகர்ந்தது. எழுதியதை வாசிக்கும் சின்ன மென்பொருள் ஒன்று எங்கள் ஸ்டோரில் இருந்தது. தமிழும் வாசிக்கும், விளம்பரம் கிடையாது. அதைத் தேடி எடுத்தார். பொத்தானில் இருந்ததை மெதுவாகப் படித்தார். ‘ஸ்தாபிசு’, நிறுவு என்பதற்குக் கன்னடச் சொல். சிரிப்பு வந்துவிட்டது. “சாமியத்தான் ஸ்தாபிப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு முறை, ஒரே ஒரு முறை அழுத்தினார்.

அப்போது அந்தப் பெட்டி வந்தது. பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி. செவ்வாய்க்கிழமை அப்போதுதான் பாஸ்வேர்டு வைத்திருந்ததால் கணினி மறுபடியும் கேட்கவில்லை.

எங்களுக்கு அது கண்ணிலேயே படாத பொருள். பொத்தானை அழுத்துவோம், பெட்டி வரும், விரல் தானாக அடித்துவிட்டுப் போகும். ஒரே க்ளிக் என்று பலகையில் எழுதியபோது அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சரசக்கா சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

யாரோ ஒருவர் வந்து அடித்துவிட்டுப் போவார் என்று காத்திருந்தார். கை மடியில் இருந்தது. நான் விநாடிகளை எழுதினேன். நாற்பது. தொண்ணூறு. ஏரியில் ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்கவி நின்றிருந்தார். நூற்று எண்பது. சரசக்கா திரும்பவில்லை. நான்கு வருடமாக எத்தனை பாஸ்வேர்டுகளுக்கு இப்படி நின்றிருப்பார். இருநூற்றுப் பத்தில் பேனாவை மூடினேன்.

“சரசக்கா. யாரும் வரமாட்டாங்க. அது உங்க பாஸ்வேர்டுதான்.”

அவர் முகம் பாதி திரும்பியது. “என்னையா கேக்குது?”

“உங்களத்தான்.”

நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்கவியும் திரும்பிக்கொண்டதைப் பார்த்தேன்.

விதியை மீறியதற்குப் பார்கவி என்னைத் திட்டினார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். பலகையில் ‘ஒரே’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கேள்விக்குறி போட்டார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அந்தப் பெட்டியின் தலையில் ஒரு வரி கூடியிருந்தது. கணினி யாருடையதோ அவர் பெயர், பிறகு ‘இது நீங்களே வைத்த பாஸ்வேர்டு’ என்று.

அன்று சரசக்கா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மூடியில் ஆயுத பூஜைப் பொட்டு அப்படியே இருந்தது. அவர் பெயரில் கணக்கு திறந்து புதிய ஸ்டோரைப் போட்டுக் கொடுத்தேன். வாசிக்கும் மென்பொருளைப் போட விடவில்லை. அதை அவர்தான் போட வேண்டுமாம். கீபோர்டில் ஒட்டத் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கியிருந்தேன். எந்த எழுத்து எங்கே என்று நான் சொல்லச் சொல்ல, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளை ஓரம் பிசகாமல் ஒட்டினார். காலர் முனையைப் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“நாளைக்கு வூட்டாண்ட வாங்க தம்பி. நெட்டு மட்டும் குடுங்க. மத்தது நான் பாத்துக்கறேன்.”

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். ஒரே அறை, ஒரு ஜன்னல். ராஜேந்திரன் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டே எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். டிவி மேல் மூன்று நோட்டுகள் அடுக்கி, மேலே ஒரு டப்பா வைத்திருந்தது. சரசக்கா லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தார். என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது.

தேடினார். அழுத்தினார். பெட்டி வந்தது. அதில் தன் பெயரைப் படித்தார். பிறகு கணவரிடம் சொன்னார்:

“அந்தாண்ட பாருங்க.”

ராஜேந்திரனுக்குப் புரியவில்லை.

“பாஸ்வேர்டு போடறேன். பாக்கக்கூடாது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பிக்கொண்டதைப் பார்த்து அவரும் சுவர்ப் பக்கம் திரும்பினார். டக், டக் என்று விசைகள். “ம், இப்ப பாருங்க.” மென்பொருள் ஏறியிருந்தது.

சரசக்கா லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினார். ராஜேந்திரன் ஸ்டிக்கர் எழுத்துகளைப் பார்த்தார். ஒரு விரலால் ‘அ’வைத் தடவிப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு லேப்டாப்பைத் திரும்பத் தள்ளினார். பார்வை வாசலுக்கு, எதிர்வீட்டுக்குப் போயிற்று.

சரசக்கா லேப்டாப்பைப் பிடித்து நிறுத்தினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அன்னிக்கு நான் எத்துனு போனது தப்பு. அத எப்டி சொல்றதுன்னு தெரியாமதான் ஒரு மாசமா சும்மா கீறேன். இனிமே ஆளுங்க யாரும் படிக்கமாட்டாங்க. இதுக்குக் கண்ணு கெடையாது. வாயி மட்டும்தான்.”

 அடுப்பில் டீ பொங்கும் சத்தம் கேட்டது. சரசக்கா எழுந்துபோய் அதை இறக்கிவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து ராஜேந்திரனின் கை லேப்டாப்பின் மேல் வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அழுத்தினார். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினால் வாசிக்கும் என்று சரசக்கா காட்டினார். அவரே அழுத்தினார்.

ஒரு பெண் குரல், ரயில் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல், வீட்டுக்குள் பேசியது.

“இதுக்குக் கோவிந்தராஜன் படிச்சதே பரவாயில்லை.”

சரசக்கா ஒரு கணம் திகைத்தார். அப்புறம் சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை. ராஜேந்திரனின் கழுத்திலிருந்து காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. அவர் சிரிப்பு இப்போது அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன்.

“நக்கலப் பாரு” என்றார் சரசக்கா என்னிடம். “அதுவும் பொம்பள கொரல்ல.”

டீ கொடுத்தார். சர்க்கரை கச்சிதமாகக் கம்மியாக இருந்தது. நான் பாதி குடிப்பதற்குள் ராஜேந்திரன் மறுபடியும் குனிந்து எழுத்துகளைத் தேட ஆரம்பித்திருந்தார். இந்தத் தடவை நிற்காமல் அழுத்திக்கொண்டே போனார். ஒரு வரி முடிந்து இன்னொரு வரி போயிற்று. சரசக்கா ஸ்டூலுக்கு அருகில் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தார். கால்களை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒலியைக் குறைக்கும் பொத்தான் எது என்று கண்டுபிடித்து, அதை மூன்று முறை அழுத்தினார்.

டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். போய்வருகிறேன் என்று சொல்ல இது நேரமில்லை, எழுந்தால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கிருந்து ஏரி தெரியாது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகள் தெரிந்தன. அவற்றின் காலர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.